அன்றைய பறப்பை அன்றைக்கே இறக்கி வையுங்கள்

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் பக்கத்துப் புஞ்சைகளில் ட்ரோன் வைத்து மருந்தடிக்கும் தம்பிமாருக்கும், சுயஉதவிக் குழுவில் இருந்து பயிற்சிக்குப் போய் பைலட் சான்றிதழோடு திரும்பியிருக்கும் அக்கா, தங்கச்சிமாருக்கும்,



ஐப்பசியில் இரண்டு உழவு மழை விழுந்த மறுநாள் நம்ம கரிசலுக்குள் இறங்கினால், பத்தடி போவதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் அப்பிக்கொள்ளும். முதுகில் 16 லிட்டர் தெளிப்பானைச் சுமந்து அந்த மண்ணில் மக்காச்சோளத்துக்கு மருந்தடித்தவன் நான். ஒரு குறுக்கம் அடித்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். டிராக்டரும் இறங்காது. மண் காயட்டும் என்று நாம் காத்திருக்கலாம், படைப்புழு காத்திருக்காது. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு அதே வருஷம் நம் பக்கமும் வந்து சேர்ந்த அந்தப் புழு, குருத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு எந்த மருந்தும் எட்டாது. அதனால்தான் மண்ணை மிதிக்காமல் மருந்தடிக்கும் ட்ரோன் நம் ஊருக்கு வந்தபோது அதை நான் கும்பிட்டு வரவேற்றேன். இன்றைக்கும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை.

நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்கள். காற்றாலை இறக்கைக்கும் உயர்மின் கம்பிக்கும் நடுவில், பொழி ஓரத்துச் சீமைக் கருவேலத்தில் இடிக்காமல், விடியுமுன்னே எழுந்து வந்து ஓட்டுகிறீர்கள். நான் எழுத வந்தது ஓட்டி முடித்த பிறகு நம்மில் பெரும்பாலோர் செய்யாமல் விடுகிற ஒரு வேலையைப் பற்றி. ட்ரோனுக்குள் பதிவாகியிருக்கும் பறப்புப் பதிவை, நீங்கள் 'லாக்' என்று சொல்கிறீர்களே அதை, அன்று சாயங்காலமே கம்ப்யூட்டருக்கு மாற்றி வைக்கிற வேலை.

இதைச் செய்யாததால் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன் எட்டயபுரம் பக்கம் ஓர் உளுந்துப் புஞ்சையில் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது டேங்க். செடிக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்த ட்ரோன் இடப்பக்கம் ஒருக்களித்துச் சாய்ந்தது. ரிமோட் குச்சியை வலப்பக்கம் முழுக்கத் தள்ளினேன். கேட்கவில்லை. தலைகுப்புற மண்ணில் விழுந்தது. ட்ரோனின் இரண்டு கை ஒடிந்துவிட்டது, டேங்க் பிளந்து மருந்து முழுதும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. அன்று ராத்திரி அதை வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தேன். மறுநாள் பழுது பார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன். இருபது நாள் கழித்து ட்ரோன் திரும்பி வந்தபோது, ஓட்டியவர் தவறு என்று ஒரு வரியும் அதற்குக் கீழே ஒரு பெரிய தொகையும் எழுதிய பில்லும் கூடவே வந்தது. பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பதிவு இருந்த கார்டை ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுவிட்டோம் என்றார்கள். காப்பீட்டில் கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் முதல் கேள்வி பதிவு இருக்கிறதா என்பதுதான். பணத்தை நான்தான் கட்டினேன். அந்த வருஷம் ட்ரோன் ஓட்டிச் சம்பாதித்ததில் பாதி அதற்கே போனது.

அந்தக் கார்டு ஒரு ராத்திரி முழுக்க என் திண்ணையில்தான் இருந்தது. உள்ளே மகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது. கார்டு ரீடரும் இருந்தது. கார்டைக் கழற்றிச் செருகி நகலெடுக்க ஐந்து நிமிஷம் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. உங்களுக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தப் பதிவுக் கோப்பு கையில் இருந்தால் என்ன தெரிந்திருக்கும்? இதைப் பிறகு நான் உட்கார்ந்து படித்துக் கற்றுக்கொண்டேன். ஃப்ளைட் கன்ட்ரோலர் ஒவ்வொரு நொடியும் பல தடவை இரண்டு கணக்கை எழுதுகிறது. ட்ரோன் எவ்வளவு சாய வேண்டும் என்று அது விரும்பியது ஒன்று, உண்மையில் எவ்வளவு சாய்ந்தது என்பது இன்னொன்று. நல்ல பறப்பில் இந்த இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, ஜோடி மாடு போலச் சேர்ந்தே போகும். ஒரு மோட்டாரோ, அதை ஓட்டும் ஈஎஸ்சியோ, இறக்கையோ போய்விட்டால் இரண்டு கோடும் சட்டென்று பிரியும். அதே கணத்தில் அந்தப் பக்கத்து மோட்டாருக்குப் போன கட்டளை உச்சத்துக்கு ஏறியிருக்கும். தூக்கு, தூக்கு என்று கன்ட்ரோலர் கத்தியும் மோட்டார் தூக்கவில்லை என்று அதற்குப் பொருள். ஓட்டியவர் தவறாக இருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும்: குச்சி எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம்தான் ட்ரோனும் போயிருக்கும். ஒருவேளை தரையைத் தொடும் முன்பே, உயரம் மூன்று மீட்டர் என்று காட்டும்போதே கோப்பு அறுந்து நின்றிருந்தால், நடுவானில் மின்சாரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பேட்டரியோ இணைப்போ கோளாறு. என் ட்ரோனில் இந்த மூன்றில் எது நடந்தது என்பது இனி எனக்குத் தெரியவே போவதில்லை.

விழுந்தால்தான் பதிவு வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். விழாத நாளில்தான் அது அதிகம் பேசுகிறது. ஆர்டுபைலட் என்ற மென்பொருள் ஓடும் கன்ட்ரோலர்களில் அதிர்வு என்று ஒரு கணக்கு உண்டு. அது 30-க்குள் இருந்தால் கவலையில்லை. 30-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் உயரத்தையும் இடத்தையும் பிடித்து நிற்பதில் அநேகமாகக் கோளாறு வரும் என்று அந்த மென்பொருளை எழுதியவர்களே சொல்கிறார்கள். போன வாரம் 15, இந்த வாரம் 22, நேற்று 34 என்று அது ஏறிக்கொண்டே வந்தால் ஓர் இறக்கையில் கீறல் விழுந்திருக்கலாம், ஒரு திருகு தளர்ந்திருக்கலாம். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. காதுக்கும் கேட்காது. கோப்பை வாராவாரம் திறந்து பார்ப்பவருக்கு மட்டும், விழுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அடுத்ததாக, நமக்கும் சம்சாரிக்கும் நடுவில் இருக்கும் விஷயம். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். நாம் அடிக்கும் பட்டையின் அகலம் நான்கு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்கு ட்ரோன் 1,012 மீட்டர் தூரம் பறக்க வேண்டும். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் அது 202 நொடி. திரும்புகிற நேரம் தனி. அந்த 202 நொடியில் டேங்கில் இருக்கும் பத்து லிட்டரும் இறங்குகிற மாதிரி பம்பைத் திட்டம் செய்திருக்கிறோம். இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள், வெயில் ஏறுகிறது என்று வேகத்தை நொடிக்கு ஏழு மீட்டராகக் கூட்டினால், ஏக்கர் 145 நொடியில் முடிந்துவிடும். பம்ப் அதே அளவில் ஓடியிருந்தால் விழுந்தது ஏழு லிட்டர் சொச்சம்தான். மீதி கிட்டத்தட்ட மூன்று லிட்டர் டேங்கிலேயே இருக்கும். அடுத்த ஏக்கருக்கு அது சேர்ந்துகொள்ளும், யாருக்கும் கணக்குத் தெரியாது. வேகத்துக்கு ஏற்றபடி பம்பைத் தானே கூட்டிக் குறைக்கும் ட்ரோன்களும் இருக்கின்றன. அது சரியாகத்தான் கூட்டியதா என்பதையும் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பத்து நாள் கழித்துப் புழு சாகவில்லை என்று சம்சாரி வந்து நிற்கும்போது மருந்து போலி என்பார் ஒருவர், தண்ணீர் கலந்தது சரியில்லை என்பார் இன்னொருவர். எத்தனை மீட்டர் உயரத்தில், எந்த வேகத்தில், எந்தப் பாதையில் அடித்தோம் என்று காட்டும் கோப்பு உங்களிடம் இருந்தால் பேச்சு அதிலிருந்து தொடங்கும்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு தங்கச்சி இதைச் செய்து காட்டினார். மக்காச்சோளத்தில் மேற்கு ஓரம் புழு அப்படியே இருக்கிறது என்று நிலத்துக்காரப் பெரியவர் சத்தம் போட்டிருக்கிறார். தங்கச்சி வாதாடவில்லை. லேப்டாப்பைத் திறந்து அன்றைய பறப்பை வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். பெரியவர் சொன்னது சரிதான். மேற்குப் பொழியில் வேலிக் கருவேலம் புஞ்சைக்குள் சாய்ந்து நின்றதால், எல்லையைக் குறிக்கும்போது தங்கச்சி ஐந்து மீட்டர் உள்ளே தள்ளிக் குறித்திருக்கிறார். ஐந்து மீட்டர் அகலத்துக்கு ஒரு நாடா போல அடிபடாமல் கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் போய் அந்த ஓரத்தை மட்டும் கைத்தெளிப்பானால் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். பெரியவர் அடுத்த போகத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார். அந்தக் கோப்பு தங்கச்சிக்கு எதிராகத்தான் சாட்சி சொன்னது. ஆனாலும் அவர் அதை மறைக்கவில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான்.

இந்த இடத்தில், பதிவையே சாட்சியாக வைத்த கிளைடர்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். சூடேறிய நிலத்தில் இருந்து எழும் காற்றைப் பிடித்து ஏறி, மணிக்கணக்கில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறப்பார்கள். நம்மூர் வானத்தில் நான் அதைப் பார்த்ததில்லை, புனேயில் ஹடப்சரில் பயிற்சி நிலையம் இருக்கிறது. எஞ்சின் சத்தமும் இல்லாமல், பார்க்க ஆளும் இல்லாமல் தனியாகப் பறக்கும் ஒருவர் இவ்வளவு தூரம் போனேன் என்றால் எப்படி நம்புவது? அந்தக் கேள்வியோடு அவர்கள் பல தலைமுறையாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் பாரோகிராஃப் என்ற கருவியை விமானத்தில் வைத்தார்கள். புகைக்கரி பூசிய தாள் சுற்றிய உருளை கடிகாரம் போல் மெல்லச் சுழலும். காற்றழுத்தம் மாற மாற ஒரு முள் அந்தக் கரியில் கோடு கீறிக்கொண்டே வரும். பறக்கும் முன் ஒரு சாட்சி அதற்கு முத்திரை வைப்பார், இறங்கிய பின் அவரே பிரிப்பார். திரும்பும் இடங்களைக் கேமராவில் படமெடுத்து வர வேண்டும். 1990-களின் நடுவில் ஜிபிஎஸ் பதிவுக் கருவி வந்து இந்த இரண்டுக்கும் ஓய்வு கொடுத்தது.

அந்தக் கருவி எழுதும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தே படிக்கலாம். உலக கிளைடிங் குழு வகுத்த ஒரே வடிவம், எந்தக் கம்பெனிக் கருவியானாலும் அதே வடிவம். 'பி' என்று தொடங்கும் ஒவ்வொரு வரியிலும் மணி, நிமிஷம், நொடி, அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றழுத்தம் சொன்ன உயரம், செயற்கைக்கோள் சொன்ன உயரம். கடைசியில் 'ஜி' என்று தொடங்கும் சில வரிகள். படித்தால் ஒன்றும் புரியாது, எழுத்தும் எண்ணும் கலந்து கிடக்கும். அது அந்தக் கருவி போட்ட கையெழுத்து. மேலே இருக்கும் ஆயிரக்கணக்கான வரிகளில் எங்காவது ஓர் எண்ணை மாற்றிவிட்டால் கையெழுத்துப் பொருந்தாது, பறப்பு செல்லாது. உயரத்தில் ஒரே ஒரு மீட்டரைக் கூட்டினாலும் அப்படித்தான்.

ஆனால் அந்தக் கோப்பைக் கருவியில் இருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதில் அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் நம் பாடு ஒன்றுமில்லை. பழைய கருவிகளுக்கு ஒன்பது முள் வைத்த சீரியல் வயர். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தைச் சொல்லி வைக்கவில்லை என்றால் ஓர் எழுத்தும் வராது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி இறக்கும் நிரல். புதிய லேப்டாப்பில் அந்த ஒன்பது முள் துளையே இல்லாமல் போனபோது மாற்றுக் கருவி தேடி அலைந்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் அவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. இறங்கியதும் முதல் வேலை கோப்பை இறக்குவது. சாப்பாடு பிறகுதான்.

நம் வேலை அவ்வளவு கஷ்டமில்லை என்றேன். ஆனால் நம்மிடமும் சில பொறிகள் உண்டு, நான் ஒவ்வொன்றிலும் காலை விட்டிருக்கிறேன்.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. அதனால் நம்மிடம் இருப்பவை பல ஊர்களில் பல கைகள் கோத்தவை, உள்ளே இருக்கும் கன்ட்ரோலரும் பலவகை. ஆர்டுபைலட் வகையாக இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கன்ட்ரோலரின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு மைக்ரோ எஸ்டி கார்டு இருக்கும். கம்ப்யூட்டரில் செருகித் திறந்தால் உள்ளே லாக்ஸ் என்ற கோப்புறை. அதில் எட்டு இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புகள். ஒவ்வொரு முறை பேட்டரி போட்டு மோட்டாரை உயிர்ப்பிக்கும்போதும் ஒரு கோப்பு பிறக்கும். கார்டைக் கழற்றாமல் யுஎஸ்பி வயரிலும் மிஷன் பிளானர் என்ற மென்பொருள் வழியே இறக்கலாம், நேரம் கூடுதலாகும். அப்படிச் செய்யும்போது ஒன்றைப் பாருங்கள்: வீட்டில் கிடக்கும் வயர்களில் பல சார்ஜ் மட்டும் ஏற்றுபவை, அவற்றுக்குள் தகவல் போகிற கம்பியே கிடையாது. ட்ரோனில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. நான் ஒரு முழு மாலையை அப்படித் தொலைத்தேன். தகவல் போகும் வயர் ஒன்றைத் தனியாக எடுத்துச் சிவப்பு நூல் கட்டி வையுங்கள்.

டெலிமெட்ரி ரேடியோ வழியாகக் கழனியிலேயே இறக்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேடியோவின் வழக்கமான வேகம் நொடிக்கு 57,600 பிட், அதாவது 5,760 எழுத்துக்குமேல் போகாது. கோப்பு முப்பது எம்பி என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அதுவும் நடுவில் ஒன்றும் விட்டுப்போகாமல் இருந்தால். கார்டு ரீடரில் அதே கோப்பு நாம் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிடும்.

பேட்டரியை எப்போது பிடுங்குவது என்பதும் முக்கியம். ட்ரோன் தரையில் உட்கார்ந்ததும், இறக்கை நிற்கும் முன்பே ஓடிப்போய்ப் பேட்டரியைக் கழற்றும் அவசரத்தை எல்லோரிடமும் பார்க்கிறேன். அடுத்த டேங்க் காத்திருக்கிறது, புரிகிறது. மோட்டார் நின்ற பிறகும் கன்ட்ரோலர் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டுதான் இருக்கும். மனசுக்குள் இருபது எண்ணுங்கள். பிறகு கழற்றுங்கள். இல்லையென்றால் கோப்பின் வால் அறுந்துபோகும். கார்டையும் மின்சாரம் முழுக்க நின்ற பிறகுதான் தொட வேண்டும்.

பெரிய பொறி இதுதான். கார்டில் எல்லாம் எப்போதும் இருக்கும் என்று நம்புகிறீர்கள். இருக்காது. வழக்கமான அமைப்பில் 500 கோப்பு வரைதான். அதற்கு மேல் எண் மறுபடி ஒன்றில் இருந்து ஓடும், பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். இடம் குறைந்தாலும் பழையது தானாக அழியும். டேங்குக்கு ஒரு பேட்டரி என்று ஒரு நாளைக்கு 25 டேங்க் அடிக்கிறவருக்கு 500 என்பது இருபது நாள். கார்த்திகையில் அடித்த புஞ்சையைப் பற்றித் தை மாதம் ஒரு பேச்சு வந்தால் கார்டில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது பலரைக் குழப்பியிருக்கிறது. செயற்கைக்கோள் நேரம் உலகப் பொது நேரம், நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்னால். காலை 6:35-க்கு அடித்தது கோப்பில் 1:05 என்று இருக்கும். சில மென்பொருள் மாற்றிக் காட்டும், சில காட்டாது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு அடித்திருந்தால் தேதியே முந்தின நாள் என்று காட்டும். ராத்திரி ஒரு மணிக்கு யாரய்யா மருந்தடித்தது என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கிளைடர் கோப்பிலும் இதே நேரம்தான்.

கம்ப்யூட்டருக்கு வந்த கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். அதை வைக்கிற கோப்புறைக்குப் பெயர் கொடுங்கள்: முதலில் வருஷம், மாதம், தேதி, பிறகு ஊர், சர்வே நம்பர், பயிர். அதே கோப்புறைக்குள் நான்கு வரியில் ஒரு குறிப்பு, எந்த மருந்து, எவ்வளவு, காற்று எப்படி இருந்தது, யார் ஓட்டியது. கோப்பைத் திறந்து ஆராய வேண்டுமென்றால் நகலெடுத்து நகலைத் திறங்கள். அசல் அசலாகவே கிடக்கட்டும். இன்னொரு நகலை வேறொரு பென் டிரைவில் போட்டு, ட்ரோன் இருக்கும் வீட்டில் வைக்காமல் இன்னொரு வீட்டில் வையுங்கள். குழுவாக இருக்கும் அக்காமாருக்கு இது சுலபம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்போது என்ன நடந்தது என்று எழுத உங்களிடம் பதிவு இருந்தால் நல்லது. வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். கிளைடர்காரர்களின் 'ஜி' வரி செய்யும் வேலைதான், இங்கே நாமே செய்துகொள்ள வேண்டும். அசலைத் தொடாதீர்கள் என்று நான் இவ்வளவு சொல்வது அதற்காகவும்தான்.

நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் ட்ரோன் வாங்கிய, வாங்கப் போகிற குழுக்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2023 நவம்பரில் ஒப்புதலான அந்தத் திட்டம் நாடு முழுக்க 15,000 குழுக்களுக்கு ட்ரோன் தர முடிவெடுத்தது. விலையில் 80 சதவீதம் வரை, எட்டு லட்சத்துக்கு மிகாமல் மானியம். மீதி உங்கள் குழுவின் பணம், கடன். பயிற்சி 15 நாள். ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள், மருந்து கலக்கக் கற்றுக்கொண்டீர்கள். பதிவை எப்படி எடுப்பது என்று யாரும் காட்டவில்லை என்றால் கேளுங்கள். சில கன்ட்ரோலர்களில் பதிவு பூட்டியே இருக்கும், கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் திறக்காது. அதனால் வாங்கும் முன்பே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: என் பறப்பின் பதிவை நானே என் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ள முடியுமா, எப்படி? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை லிட்டர் டேங்க், எத்தனை நிமிஷம் பறக்கும் என்று கேட்கிற அதே மூச்சில் இதையும் கேளுங்கள். பழுதுக்கு அனுப்பும்போது கார்டை எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். கழற்ற முடியாத வகையாக இருந்தால் அனுப்பும் முன் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாதென்றால், பதிவை அழிக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தக் கோப்பில் உங்கள் வீட்டு வாசல் இருக்கிறது, அடுத்தவர் புஞ்சையின் நான்கு மூலையும் இருக்கிறது. நிலத்துக்காரருக்கும் உங்களுக்கும் உரியது அது. வேடிக்கைக்காக வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள்.

நம்ம ஊரில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் 'கே' என்ற எழுத்தோடு ஊரின் பெயரைச் சுமந்து ரகங்கள் வெளிவந்த இடம். எந்தப் பாத்தியில் எது விதைத்தோம், எவ்வளவு மழை, எவ்வளவு கண்டது என்று எழுதி வைக்காமல் அவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது. மானாவாரியில் வருஷம் வருஷத்தைப் போல இருப்பதில்லை. மூன்று வருஷத்துப் பறப்புப் பதிவும் நான்கு வரிக் குறிப்பும் ஒரே சர்வே நம்பருக்குச் சேர்ந்திருந்தால், எந்த மருந்து எந்தக் காற்றில் கேட்டது, எந்த ஓரம் எப்போதும் விட்டுப்போகிறது என்று அந்தச் சம்சாரியிடம் நீங்கள் உட்கார்ந்து பேசலாம். ட்ரோன் ஓட்ட இன்று நிறையப் பேர் வந்துவிட்டார்கள். அப்படிப் பேசக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

புரட்டாசி விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. ட்ரோன்கள் உறைக்குள் சும்மா இருக்கிற நேரம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு வழியும் தெரியும், தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ட்ரோனையும் லேப்டாப்பையும் எடுத்து வாருங்கள். வயர் என்னிடம் இருக்கிறது, சிவப்பு நூல் கட்டியது. கார்டை மட்டும் வரும் வழியில் கழற்றாதீர்கள். நேற்று வரை எழுதியது அதில் அப்படியே இருக்கட்டும், முதலில் அதை இறக்குவோம்.

அன்புடன்,
கரிசலில் ட்ரோன் ஓட்டும் உங்கள் அண்ணன்,
கோவில்பட்டி